கையால எழுதுனத டாக்குமெண்ட்டா மாத்துறது: எல்லாரும் கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டையில டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மனு, மகளிர் குழு மினிட்ஸ், ஸ்கூல் ஆண்டு மலர் கட்டுரை, பழைய கிரையப் பத்திரம், கோயில் கொடைக்கு பாடுற வில்லுப்பாட்டு நோட்டுன்னு எங்க வேலை முழுக்க கையால எழுதுன தாள்தான். இப்ப கொஞ்ச காலமா வாரவங்க எல்லாரும் "இத போனே படிச்சு டைப் பண்ணிருமாமே, எப்படி"ன்னு கேக்காவ. கேக்குறது ஒரே மாதிரி சந்தேகமா இருக்கதுனால மொத்தமா எழுதி வச்சிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். முன்னால சொன்னத பின்னால திரும்ப சொல்லல, அதனால மேல இருந்து படிச்சு வாங்க.

யக்கா, நம்ம கையெழுத்த போன் படிச்சிரும்ங்காவளே, நெசமாவா?

நெசம்தான், ஆனா இதுல ரெண்டு வேலை இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டுதான் பாதி பேரு ஏமாந்து போறாவ. ஒண்ணு, போன் ஸ்கிரீன்லயே விரலால எழுதுறது, நீங்க எழுத எழுத அது டைப் அடிச்ச எழுத்தா மாறும். இன்னொண்ணு, ஏற்கனவே பேப்பர்ல எழுதி இருக்கத போட்டோ எடுத்து அத எழுத்தா மாத்துறது.

முதல் வேலை தமிழுக்கு நல்லாவே வருது. ஏன்னா நீங்க கோட்ட எங்க ஆரம்பிச்சீங்க, எந்தப் பக்கம் வளைச்சீங்க, எங்க கைய எடுத்தீங்க, எது முதல்ல எது பிறகுன்னு எல்லாம் போனுக்கு தெரியும். போட்டோவுல அதெல்லாம் கெடையாது, வெறும் மை விழுந்த தடம் மட்டும்தான் இருக்கும், அதுலயும் பேப்பர் மடிப்பு, கறை, பின்பக்கத்து மைன்னு எல்லாம் சேந்து கெடக்கும். அதனால ரெண்டாவது வேலையில வாரது முதல் பிரதி மட்டும்தான், திருத்தாம அத யாருக்கும் குடுக்கக் கூடாது.

எனக்கு தமிழ் டைப்பிங் தெரியாது. விரலால எழுதுனா எழுத்தா வரணும். என்ன பண்ணணும்?

ஆண்ட்ராய்டு போன்ல கூகுளோட ஜிபோர்டு கீபோர்டு போதும், பெரும்பாலான போன்ல ஏற்கனவே இருக்கும். அதோட செட்டிங்ஸ்ல லாங்குவேஜஸ் போங்க, ஆட் கீபோர்டு அமுக்கி தமிழ தேர்ந்தெடுங்க. அதுல தமிழ் கீபோர்டு வகை வரிசையா காட்டும், தமிழ்99, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறுறது எல்லாம் இருக்கும், வரிசையில தள்ளிப் பாத்தா ஹேண்ட்ரைட்டிங்னு ஒண்ணு இருக்கும், அத டிக் பண்ணி டன் குடுத்துருங்க. முதல் தடவை ஒரு சின்ன ஃபைல் இறங்கும், அதுக்கு மட்டும் நெட் வேணும். பிறகு வாட்ஸ்அப்போ கூகுள் டாக்ஸோ எத திறந்தாலும் கீழ உருண்டை பூமி படத்த அமுக்கினா வெள்ளைப் பலகை மாதிரி ஒரு இடம் வரும், அதுல எழுத வேண்டியதுதான்.

இத நான் ஏன் எல்லாருக்கும் சொல்லுதேன்னா, எங்க கடைக்கு வாற பெரியவங்க பல பேருக்கு தமிழ் அவ்வளவு சுத்தமா வரும், ஒரு ஒற்றுப்பிழை இருக்காது, ஆனா போன்ல மட்டும் "நல்லா இருக்கியா"ங்குறத இங்கிலீஷ் எழுத்துல தட்டிக்கிட்டு இருப்பாவ, இல்லன்னா பேரன் பேத்தி எப்ப ஃப்ரீயா இருப்பாவன்னு காத்துக்கிட்டு கெடப்பாவ. எழுதத் தெரிஞ்சவங்க இப்படி இன்னொருத்தர எதிர்பாக்க வேண்டியதே இல்ல.

அதுக்கு தனியா பேனா வாங்கணுமா?

வேண்டாம், விரல் போதும். கை நடுங்குறவங்களுக்கு ரப்பர் முனை வச்ச சாதா டச் பேனா கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும், அவ்வளவுதான். போன படுக்க வச்சு எழுதுனா இடம் அகலமா கெடைக்கும்.

ஒவ்வொரு எழுத்தா எழுதணுமா, முழு வார்த்தையும் எழுதலாமா?

முழு வார்த்தையா எழுதுங்க. தனி எழுத்தா எழுதுனா அதுக்கு சந்தேகம் கூடத்தான் செய்யும், வார்த்தையா வந்தா பக்கத்து எழுத்த வச்சு இது இன்னதுன்னு கண்டுபிடிச்சிரும். கொஞ்ச வருசத்துக்கு முன்னால கூகுள் இந்த கையெழுத்து முறையையே மாத்துனாங்க, பழைய முறை கோட்ட துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணும் என்ன எழுத்துன்னு பாக்கும், புதுசு எழுதுன கோடு முழுசையும் முன்னாலயும் பின்னாலயும் சேத்துப் பாத்து முடிவு பண்ணும். அதனால "தாமிரபரணி"ய ஒரே மூச்சுல எழுதுனா வாரது, பிச்சுப் பிச்சு எழுதுனா வாரத விட நல்லா இருக்கும்.

புள்ளிய கடைசியில வைக்கலாமான்னும் கேக்காவ. வைக்கலாம், ஆனா அந்த வார்த்தை முடியுததுக்குள்ள வச்சிருங்க. கைய எடுத்துட்டு யோசிச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா வார்த்தை முடிஞ்சுட்டுன்னு எடுத்துக்கிட்டு எழுத்தாக்கிரும், பிறகு வைக்குற புள்ளி தனியா முற்றுப்புள்ளியா போய் நிக்கும்.

நான் 'மரம்'னு எழுதுனா 'மாம்'னு வருது. என் எழுத்துல என்ன கொறை?

உங்க எழுத்துல ஒரு கொறையும் இல்ல. கையால எழுதும்போது நம்ம எல்லாருமே ரகரத்தையும் துணைக்காலையும் ஒரே மாதிரிதான் எழுதுதோம். அச்சுல ரகரத்துக்கு கீழ ஒரு சாய்ஞ்ச கால் இருக்கும், கையெழுத்துல அத யாரும் போடுறதில்ல. நாம அர்த்தத்த வச்சு படிச்சிருதோம், மெஷினுக்கு அது ஊகம்தான். ரகரத்துக்கு அந்த சின்னக் காலயும் சேத்துப் போட்டுப் பாருங்க, பாதிப் பிரச்சனை தீந்துரும்.

இதே குடும்பத்துல இன்னும் சில எழுத்து இருக்கு. 'கௌரி'யில வாற ஔகாரக் குறியும் தனி ளகரமும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும், 'கெளரி'ன்னு மூணு எழுத்தா வந்தா கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனா நாளைக்கு அந்த ஃபைல்ல கௌரின்னு தேடுனா கெடைக்காது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம், மகரத்து உகரம் ழகரத்து உகரம், லகரம் வகரம், இதெல்லாம் வேகமா எழுதுனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிரும். ண, ன ரெண்டுலயும் சுழி எண்ணிக்கைய சரியா போடுங்க.

தப்பா வந்தா மொத்தத்தையும் அழிச்சிட்டு திரும்ப எழுதணுமா?

வேண்டவே வேண்டாம். எழுதுன உடனே மேல ஒரு பட்டையில ரெண்டு மூணு வார்த்தை காட்டும் பாத்தீங்களா, நீங்க நெனச்சது பெரும்பாலும் அதுல ஒண்ணா இருக்கும், தொட்டா மாறிரும். நெறைய பேரு அந்தப் பட்டைய ஏறிட்டுக் கூட பாக்காம அழிச்சு அழிச்சு எழுதி சலிச்சுப் போறாவ.

அதுலயும் இல்லன்னா தப்பான வார்த்தைய ரெண்டு தடவை வேகமா தொடுங்க, அது மட்டும் நிறம் மாறி நிக்கும், அப்படியே கீழ சரியான வார்த்தைய எழுதுனா பழசு போயி புதுசு உக்காந்துரும். ஒரு எழுத்துக்காக வார்த்தைக்கு நடுவுல கர்சர கொண்டுபோய் மல்லுக்கட்டாதீங்க. தமிழ்ல 'கொ'ங்குறது நமக்கு ஒரு எழுத்து, உள்ளுக்குள்ள ககரமும் ஒகரக் குறியும் தனித்தனியா இருக்கும், அழிக்குற பட்டன ஒரு தடவை அமுக்குனா குறி மட்டும் போயி ககரம் நிக்கும், அதப் பாத்து கொழம்பி நல்லா இருந்த வார்த்தையையும் கெடுத்துருவோம்.

கம்ப்யூட்டர்ல இப்படி எழுத முடியாதா?

முடியும், கூகுள் டாக்ஸ்ல மொழிய தமிழா வச்சா மேல இன்புட் டூல்ஸ் பட்டன்ல பென்சில் படம் ஒண்ணு வரும், மவுஸ புடிச்சு எழுதலாம். ஆனா மவுஸால தமிழ் எழுதுறது கஷ்டம், ழகரம் போடுததுக்குள்ள கை வலிச்சுரும். நான் சொல்லுற வழி வேற. போன்ல கூகுள் டாக்ஸ் ஆப்ல ஒரு ஃபைல் திறந்து விரலால எழுதுங்க, அதே ஜிமெயில் அக்கவுண்ட்ல கம்ப்யூட்டர்ல அதே ஃபைல திறந்து வைங்க. நீங்க இங்க எழுத எழுத அங்க வரும். எழுதுறத போன்லயும், தலைப்பு, பத்தி, மார்ஜின் சரி பண்ணுறத பெரிய ஸ்கிரீன்லயும் வச்சுக்கிட்டா வேலை சுளுவா முடியும்.

ஏம்மா, நான் ரிட்டயர்டு வாத்தியார். கட்டுரை எழுதுன நோட்டு நெறைய கெடக்கு. போட்டோ எடுத்தா மொத்தமா டைப் ஆயிருமா சொல்லு.

சார், இது முதல் கேள்வியில சொன்ன ரெண்டாவது வேலை. ரெண்டு வழி இருக்கு. ஒரு பக்கம் ரெண்டு பக்கம்னா போன்ல கூகுள் லென்ஸ்ல காட்டி டெக்ஸ்ட்ட தேர்ந்தெடுத்து காப்பி பண்ணுங்க, அங்கயே கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணுற வசதியும் இருக்கு, ரெண்டுலயும் ஒரே அக்கவுண்ட் இருக்கணும்.

நெறைய பக்கம்னா கூகுள் ட்ரைவ்ல ஏத்துங்க. கம்ப்யூட்டர்ல ட்ரைவ திறந்து அந்தப் படத்து மேல ரைட் கிளிக் பண்ணி, ஓப்பன் வித், கூகுள் டாக்ஸ்னு குடுத்தா ஒரு புது ஃபைல் திறக்கும், மேல உங்க படம், கீழ அது படிச்ச எழுத்து. படம் 2 எம்பிக்குள்ள இருக்கணும்னும் எழுத்து கொறஞ்சது 10 பிக்சல் உயரம் இருக்கணும்னும் கூகுளே சொல்லுது. அச்சு எழுத்துக்கு இது ரொம்ப நல்லா வரும், கையெழுத்துக்கு எழுத்தப் பொறுத்து. முழு நோட்டையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க சார், முதல்ல ஒரு பக்கம் போட்டுப் பாருங்க, ஒரு வரியில நாலு வார்த்தைக்கு மேல திருத்த வேண்டி வந்தா அந்த நோட்டுக்கு இந்த வழி ஆகாது. அதுக்குப் பதிலா நோட்ட நீங்களே வாய் விட்டு வாசிச்சு வாய்ஸ் டைப்பிங்ல ஏத்துறது வேகமா இருக்கும். நாற்பது வருசம் கிளாஸ்ல வாசிச்ச குரலு, நல்லா புடிச்சிக்கிடும்.

ஒண்ணு சொல்லணும், இப்படி படத்துல இருக்க எழுத்த டைப் எழுத்தா மாத்துறதுக்குத்தான் ஓசிஆர்னு பேரு, அத நெட்ல தேடி டெசராக்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர எறக்கிட்டு வந்து "தமிழ் இருக்குன்னு போட்டிருக்கு, என் எழுத்த படிக்க மாட்டேங்குது"ன்னு சில பேரு சொல்லுதாவ. அதுல தமிழ் இருக்கது வாஸ்தவம், ஆனா அது அச்சுப் புத்தகத்துக்கு பழகுனது, கையெழுத்துக்கு இல்ல.

போட்டோ எப்படி எடுத்தா நல்லா வரும்?

வாசல் வெளிச்சத்துல எடுங்க, ஃபிளாஷ் போடாதீங்க. தாள மேசையில வச்சு நேர் மேல இருந்து எடுக்கணும், நம்ம தலை நிழலும் கை நிழலும் விழக்கூடாது. நோட்டு நடுவுல மேடு தட்டி நின்னா அந்த வளைவுல இருக்க வார்த்தை எல்லாம் போயிரும், அதனால ஒரு கண்ணாடிய மேல வச்சு அமுக்கிக்கிடுங்க, வெளிச்சம் அதுல பட்டு மின்னாத மாதிரி திருப்பிக்கிடுங்க. ரெண்டு பக்கமும் எழுதுன மெல்லிசு தாள்னா பின்பக்க மை தெரியும், அதுக்கு தாளுக்கு அடியில ஒரு கருப்பு அட்டைய வச்சுப் பாருங்க, பின்னால இருக்க எழுத்து மங்கிரும். இத எங்க கடையில தெனமும் செய்யுதோம். ஸ்கேனர் இருந்தா 300 டிபிஐ போதும், அதுக்கு மேல ஏத்துனா ஃபைல் பெருசாகுமே தவிர அது இன்னும் நல்லா படிச்சிராது.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்புன போட்டோவ வச்சு முயற்சி பண்ணாதீங்க, அது படத்த சுருக்கிரும். டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

எங்க தாத்தா எழுத்து முத்து முத்தா இருக்கும், போட்டோவும் நல்லா எடுத்தேன். அப்படியும் குப்பையா வருதே?

தாத்தா எந்தக் காலத்துல பள்ளிக்கூடம் போனாவன்னு பாருங்க. 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னால ணை, லை, ளை, னை நாலுக்கும் ஐகாரத்த முன்னால தனியா போட மாட்டாவ, எழுத்தோட தலையிலயே சேத்து சுழிச்சிருவாவ. ணா, றா, னாவுக்கும் துணைக்கால் தனியா கெடையாது, எழுத்தோடயே வளைச்சு விட்டுருவாவ. சட்டம் மாறுனாலும் கை மாறல, தொண்ணூறுகள்ல எழுதுன லெட்டர்லயும் அந்த எழுத்து இருக்கும். இன்னைக்கு போனும் கம்ப்யூட்டரும் எழுத்த வச்சுக்கிட பொதுவா பயன்படுத்துற முறைக்கு யூனிகோடுன்னு பேரு, அதுல அந்த பழைய வடிவத்துக்கு தனி இடம் இல்ல. மெஷினு பாத்துப் பழகுனது புது வடிவத்த. 'அவனை'ங்குறத வேற என்னமோவா போடும். அந்த மாதிரி தாள்ல ஐகாரமும் இந்த மூணு ஆகாரமும் எங்க வருதுன்னு முதல்ல பென்சில்ல ஒரு ஜெராக்ஸ் மேல குறிச்சிக்கிட்டீங்கன்னா திருத்துறது சீக்கிரம் முடியும். ஒரிஜினல் மேல குறிக்காதீங்க.

இன்னொண்ணு புள்ளி. பழைய ஆளுங்க பல பேரு வேகத்துல புள்ளியே வைக்க மாட்டாவ. வார்த்தைக்கு வார்த்தை இடமும் விட மாட்டாவ. நமக்கு படிக்க வரும், ஏன்னா நாம வாசிக்கும்போதே கேட்டுக்கிட்டு போறோம்.

பத்திரத்துல தேதி எல்லாம் தப்பா வருது. 1095-ன்னு காட்டுது, அது 1995 தானே?

திருத்தீராதீங்க! அது மலையாளத்து வருசக் கணக்கான கொல்லம் ஆண்டா இருக்கும். நம்ம திருநெல்வேலிப் பக்கத்து பழைய பத்திரத்துல கொல்லம் வருசம் போடுறது வழக்கம். அத்தோட 825 கூட்டுனா இங்கிலீஷ் வருசம் வரும், மாசத்தப் பொறுத்து ஒண்ணு கொறையும். 1095-ன்னா 1919, 1920 வாக்குல. மெஷினு சரியாப் படிச்சத நாம கெடுத்துட்டா அந்தத் தப்ப பிறகு யாரு கண்டுபிடிப்பா?

பத்திரத்துலயும் கணக்கு ஏட்டுலயும் இன்னும் சில குறி வரும். வருசத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸. இதெல்லாம் யூனிகோடுல இருக்கு, ஆனா கையால சுழிச்சு எழுதுனத எந்த ஆப்பும் சரியா அடையாளம் கண்டுக்கிடுறதில்ல, வேற எழுத்தா போட்டுரும். தமிழ் எண்ணும் அப்படித்தான், ௧-ங்குறது ககரமா வந்து உக்காந்துக்கிடும். முந்திரி, காணி, மா மாதிரி பின்னக் குறியெல்லாம் யூனிகோடுல சேத்ததே 2019-லதான், பெரும்பாலான ஃபாண்ட்ல அது கெடையாது, அதனால "முந்திரி"ன்னு வார்த்தையாவே எழுதிருங்க, முந்திரின்னா இங்க 320-ல ஒரு பங்கு. எந்த இடத்துல குறிய வார்த்தையா மாத்துனீங்களோ அத ஒரு தடவை கீழ குறிப்பு போட்டு சொல்லிருங்க.

மொய் நோட்ட எக்ஸெல்ல ஏத்தணும். போட்டோ எடுத்தா வந்துருமா யக்கா?

வராது. கூகுள் டாக்ஸ் வழியில கட்டம், பத்தி வரிசை எல்லாம் நிக்காது, பேரு ஒரு பக்கம், ஊரு ஒரு பக்கம், ரூபா எங்கயோன்னு செதறிரும். மொய் நோட்டுல 501 யாரு, 1001 யாருன்னு மாறிப்போச்சுன்னா அடுத்த கல்யாணத்துல சொந்தத்துக்குள்ள மனக்கசப்பு வந்துரும், அதனால இதுல சுருக்கு வழி தேடாதீங்க. போன்ல கூகுள் ஷீட்ஸ் திறந்து பேரையும் ஊரையும் விரலால எழுதுங்க, ரூபாய மட்டும் நம்பர் கீபோர்டுல தட்டுங்க. ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் எழுதுனா ஒரு ராத்திரியில முடியும். கடைசியில கூட்டுத்தொகைய நோட்டுல இருக்க கூட்டுத்தொகையோட ஒத்துப் பாத்துக்கிடுங்க, அது சரியா வந்துட்டுன்னா ரூபாய்ல பெரும்பாலும் பிழை இருக்காது.

ஏஐ கிட்ட போட்டோவ குடுத்தா ஒரு பிழை இல்லாம அழகா டைப் பண்ணி குடுக்குதே. பிறகு எதுக்கு இவ்வளவு பாடு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்லுவேன். நல்லா டைப் பண்ணுதுங்குறது உண்மை. மங்குன எழுத்தையும் சுத்தி இருக்க வரிய வச்சு படிச்சிருது, மேல சொன்ன ஓசிஆர் வழிய விட பல நேரம் நல்லாவே வருது. நானும் பயன்படுத்துதேன். ஆனா ஓசிஆர் தப்பு பண்ணுனா 'மாம்'னு வந்து நிக்கும், பாத்த உடனே கண்ணுல குத்தும். ஏஐ தப்பு பண்ணுனா அந்த எடத்துல அழகான, அர்த்தமுள்ள, ஒற்று கூட சரியா இருக்க ஒரு வாக்கியம் இருக்கும். தாள்ல அது இருக்காது. படிக்க வராத வார்த்தைய வராதுன்னு சொல்லாம பொருத்தமா ஒண்ண வச்சிரும், எழுதுனவரு ஒரு வரிய அடிச்சிட்டு மேல எழுதியிருந்தா எது வேணும்னு அதுவே முடிவு பண்ணிரும். ஒரு கிரையப் பத்திரத்துல "2 கோட்டை விதைப்பாடு நஞ்சை"ன்னு இருந்தத "கோட்டைக்கு அருகில் உள்ள நஞ்சை"ன்னு ஒரு ஆப் மாத்தி குடுத்துச்சு. இந்தப் பக்கத்து விவசாயிக்கு கோட்டைன்னா நெல்லு அளவு, அந்த ஆப்புக்கு அது மதில் சுவரு. படிக்க எவ்வளவு சரியா இருக்கு பாருங்க, நிலத்தோட அளவே காணாம போச்சு.

குடுக்கும்போதே தெளிவா சொல்லிருங்க: வரிக்கு வரி அப்படியே எழுது, எதையும் திருத்தாத, சுருக்காத, படிக்க முடியாத இடத்துல கேள்விக்குறி போடு, பிழையா இருந்தா பிழையாவே விடு. ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் குடுங்க, மொத்தமா குடுத்தா நடுவுல வரி விட்டுப்போகும். அப்படி வாங்குனாலும் பேரு, ஊரு, சர்வே நம்பர், தொகை, தேதி இந்த அஞ்சையும் தாள வச்சு விரல் வச்சு ஒத்துப் பாக்காம பிரிண்ட் எடுக்காதீங்க.

வில்லுப்பாட்டு நோட்ட ஏத்துனேன். எங்க ஊரு பேச்ச எல்லாம் அது நல்ல தமிழா மாத்தி வச்சிருக்கு. என்ன செய்ய?

முன் கேள்வியில சொன்ன அதே வியாதிதான், நம்ம பக்கம் அது இன்னும் கடுமையா அடிக்கும். "வந்தாவ", "சொல்லுதாவ", "நிக்கியான்", "அங்கன கெடக்கு"ன்னு நோட்டுல இருக்கும், அது "வந்தார்கள்", "சொல்கிறார்கள்"னு ஆக்கிரும். சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் அந்தப் பேச்சுலதான் உசுரோட இருக்கு, தாளமே அதுலதான் நிக்கும், "வந்தார்கள்"னு போட்டு வில்லுல அடிச்சுப் பாருங்க, அடி இடிக்கும். இப்படி நாலு நோட்டு மாறிப் போயி ஒரிஜினல் கரையான் தின்னுட்டுன்னா, பாடுன அண்ணாவியோட வாக்கு போனது போனதுதான்.

அதனால பாட்டு, கதை, லெட்டர் மாதிரி பேச்சு முக்கியமா இருக்கத ஏஐ கிட்ட குடுக்காம விரலால எழுதி ஏத்துறத தான் நான் சொல்லுவேன். ஜிபோர்டும் சில வட்டாரச் சொல்லுக்கு வேற சொல்ல முன்னால நீட்டும், ஆனா வார்த்தைக்கு வார்த்தை உங்க கண்ணு முன்னாலதான் நடக்கும், அப்பவே மாத்திக்கிடலாம். அடிக்கடி வாற சொல்ல அதோட பெர்சனல் டிக்ஷனரியில சேத்து வச்சா பட்டையில அதுவும் வரும். கூகுள் டாக்ஸ்ல செவப்புக் கோடு போட்டு பயமுறுத்துனா ஸ்பெல்லிங் பாக்குறத அணைச்சிருங்க. அந்த ஊரு அண்ணாவி யாராவது இருந்தா ஒரு தடவை பாடச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி வைங்க, சந்தேகமான அடிய காதால கேட்டே முடிவு பண்ணிரலாம்.

டைப் பண்ணி பிரஸ்ஸுல குடுத்தேன், எல்லாம் கட்டம் கட்டமா, இங்கிலீஷ் எழுத்தா வருதுங்காவ. என் போன்ல நல்லாத்தானே இருக்கு?

உங்க ஃபைல்ல தப்பு இல்ல. விரலால எழுதுனாலும், போட்டோவுல இருந்து எடுத்தாலும் வாரது யூனிகோடு. பழைய பிரஸ்ல பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல வேலை செய்வாவ, அதுல தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல உக்காந்திருக்கும், உங்க ஃபைலுக்கு அந்த ஃபாண்ட போட்டா கண்டபடி ஆகும். தமிழ்நாடு அரசு 2010-லயே யூனிகோட ஏத்துக்கிட்டாச்சு, ஆனா அழைப்பிதழ் அடிக்குற இடத்துல இன்னும் மாறல. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மாத்திக் குடுக்குற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பாமினிக்கு மாத்தி குடுங்க. மாத்துன பிறகு ஸ்ரீ, க்ஷ, ஃ, அடைப்புக்குறி இந்த நாலையும் பாருங்க, மாத்தும்போது ஒடையுறது பெரும்பாலும் அதுதான். யூனிகோடு காப்பிய தனியா பத்திரமா வச்சுக்கிடுங்க, தேடவும் மறுபடி திருத்தவும் அதுதான் உதவும்.

பத்திரம், ஆதார் எல்லாம் இந்த மாதிரி ஏத்தலாமா? ஏத்துனது செல்லுமா?

விரலால எழுதுறது போனுக்குள்ளயே நடக்குற வேலை, மேல சொன்ன ஃபைல் இறங்குன பிறகு நெட் இல்லாமலும் எழுதலாம். ட்ரைவ், ஏஐ இதுல எல்லாம் படம் அவங்க கம்ப்யூட்டருக்கு போயித்தான் படிச்சு வரும். அதனால ஆதார் நம்பர், பேங்க் பாஸ்புக், கையெழுத்து போட்ட செக் இதையெல்லாம் ஏத்தாதீங்க. பத்திரத்துல தேவையான பக்கத்த மட்டும், தேவையில்லாத நம்பர பேப்பர வச்சு மறச்சுட்டு போட்டோ எடுங்க.

செல்லுமான்னா, செல்லாது. டைப் பண்ணுன பிரதி உங்க வாசிப்புக்கும் வக்கீல் படிச்சுப் பாக்கவும்தான். ஆதாரமா காட்டணும்னா ஒரிஜினல், இல்லன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல வாங்குற சான்றிட்ட நகல்.

டைப் பண்ணுனத சரி பாக்க சுலபமா ஏதாவது வழி இருக்கா? எனக்கு கண்ணு வலிக்குது.

இருக்கு. போனையே வாசிக்கச் சொல்லுங்க. ஆண்ட்ராய்டுல அக்சஸிபிலிட்டில செலக்ட் டு ஸ்பீக்னு ஒண்ணு இருக்கு, தமிழ் குரல போட்டு விட்டுட்டு டாக்ஸ்ல இருக்கத வாசிக்க விடுங்க, நீங்க ஒரிஜினல் தாள மட்டும் பாத்துக்கிட்டே வாங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி பாக்குறதுலதான் கண்ணு வலி, வரியும் தவறும். நாம எழுதுனத நாமளே கண்ணால வாசிச்சா இருக்க வேண்டியத வாசிச்சிருவோம், இருக்கத வாசிக்க மாட்டோம், அந்தக் குரல் 'கெளரி'ய பிச்சுதான் வாசிக்கும், அங்கயே புடிச்சிரலாம். எண்ண மட்டும் குரல நம்பாம கண்ணால பாருங்க, கடைசி வரியில ஆரம்பிச்சு மேல போங்க.

எங்க அப்பா லெட்டர்ல ஒரு வார்த்தை வீட்டுல யாருக்கும் புரியல. மெஷினு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு சொல்லுது. எத போட?

எதையும் போடாதீங்க. மெஷினு தடவைக்கு ஒண்ணு சொன்னாலே அதுக்கும் தெரியலன்னு அர்த்தம். அந்த எடத்துல சதுர அடைப்புக்குள்ள "படிக்க முடியல"ன்னு எழுதுங்க, ஒரு ஊகம் இருந்தா அதையும் கேள்விக்குறியோட பக்கத்துல போடுங்க. போட்டோவுல அந்த வார்த்தைய மட்டும் வெட்டி டாக்ஸ்ல அந்த வரிக்கு கீழயே ஒட்டிருங்க. அப்பா காலத்து ஆளு யாராவது ஊர்ல இருந்தா, டைப் பண்ணுனத இல்ல, அந்த வெட்டுன படத்த வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்பி கேளுங்க. டைப் பண்ணுனத காட்டுனா நீங்க போட்டத தான் அவங்களும் படிப்பாவ, அப்பா கையெழுத்த காட்டுனா அவங்க பழக்கத்துல படிச்சு சொல்லிருவாவ. பல தடவை அது ஒரு ஆளோட பட்டப்பேராவோ, ஊருக்குள்ள மட்டும் சொல்லுற வயக்காட்டுப் பேராவோதான் இருக்கும்.